கப்பல் ஏறுமுன் போய்ச் சேர வேண்டிய விவரம்: மலையகச் சரக்கும் ஈஎன்எஸ்ஸும்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பொதிசெய்த தேயிலை ஐரோப்பாவுக்குப் போகும்போது சுங்கத்துக்கு மூன்று தடவை கணக்குச் சொல்லப்படுகிறது. முதலாவது இங்கே, இலங்கைச் சுங்கத்தின் அசிகுடா கணினியில் பதியும் ஏற்றுமதிப் பிரகடனமான கஸ்டெக். கடைசியாக வருவது, சரக்கு அங்கே போய் இறங்கியதும் வாங்குபவர் கொடுக்கும் இறக்குமதிப் பிரகடனம். வரி, வற் பேச்செல்லாம் அதில்தான். இந்த இரண்டுக்கும் நடுவில், சரக்கு இன்னும் கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும்போதே இன்னொன்று போய்ச் சேர வேண்டும். அதுதான் நுழைவுச் சுருக்கப் பிரகடனம். தொழிலில் இருப்பவர்கள் ஈஎன்எஸ் என்பார்கள்.

ஈஎன்எஸ்ஸில் வரிக் கணக்கு கிடையாது. தேயிலையின் தரமோ, பூச்சிகொல்லி எச்சம் பற்றிய ஆய்வுகூட அறிக்கையோ இதில் சேராது. அவற்றுக்கு வேறு வழி, வேறு அதிகாரிகள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, யார் யாருக்கு அனுப்புகிறார், எந்த வழியாக வருகிறது என்பவை மட்டும்தான் கேள்வி. பதிலைப் பார்த்து, ஆபத்து ஏதும் உண்டா என்று அந்த நாட்டுச் சுங்கத்தின் கணினி அலசுகிறது.

சட்டப்படி இதைத் தாக்கல் செய்ய வேண்டியவர் சரக்கைக் கொண்டுபோகும் கப்பல் கம்பனி அல்லது விமான நிறுவனம். அதனால் மலையகத்துச் சிறு ஏற்றுமதியாளர்கள் பலர், சரக்கை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யும் முகவரான போர்வார்டரை நம்பி, “அதெல்லாம் போர்வார்டர் பார்த்துக்கொள்வார்” என்று விட்டுவிடுகிறார்கள். விவரத்தைக் கம்பனிக்கோ சுங்கத்துக்கோ அனுப்புபவர் அவர்தான், உண்மை. ஆனால் அவர் அனுப்பும் பொருள் விவரம், பொருளை வகைப்படுத்தும் சர்வதேச எண்ணான எச்எஸ் குறியீடு, நிறை, முகவரி எல்லாம் பொதியிடும் இடத்து அலுவலகத்தில் ஒருவர் தட்டிய இன்வொய்ஸிலிருந்தும் பக்கிங் லிஸ்டிலிருந்தும்தான் எடுக்கப்படுகின்றன. பிழையும் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. கொழும்பில் அதைத் திருத்த நேரம் இருப்பதில்லை.

இந்த ஏற்பாடு வந்த கதை

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா கேட்ட கேள்வி எளிமையானது. கொள்கலனைத் திறந்து பார்ப்பது நம் துறைமுகத்துக்கு வந்த பிறகு என்றால், அதற்குள் ஏதாவது இருந்தால் என்ன பயன்? 2002 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சரக்கு விவரம் அமெரிக்கச் சுங்கத்துக்கு வந்துவிட வேண்டும் என்றது. உலகச் சுங்க அமைப்பு 2005இல் ‘சேஃப்’ என்ற பொதுச் சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 ஜனவரி 1 முதல் ஈஎன்எஸ் கட்டாயமானது. கொழும்புத் துறைமுகமும் அமெரிக்காவின் கொள்கலன் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

ஆகாய வழி இன்னும் இறுகியதற்குக் காரணம் 2010 அக்டோபர். யேமனிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பிய இரண்டு பார்சல்களில், அச்சு இயந்திரத்தின் மைக் குப்பிக்குள் வெடிமருந்து ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்று டுபாயிலும் மற்றது இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்திலும் பிடிபட்டன. பிடிபடும் முன்பே இரண்டும் விமானத்தில் பறந்திருந்தன. இறங்கிய பின் சோதிப்பது போதாது, ஏற்றும் முன்பே விவரம் வேண்டும் என்ற முடிவு அதிலிருந்து வந்தது. இன்று நுவரெலியாவிலிருந்து அரைக் கிலோ தேயிலை மாதிரி அனுப்பும்போது கூரியர் கடைக்காரர் ஆறு இலக்கக் குறியீடு கேட்கிறார் என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது.

ஐரோப்பா இப்போது பயன்படுத்தும் கணினி முறையின் பெயர் ஐசிஎஸ்2. படிப்படியாக வந்தது. 2021 மார்ச் 15இல் ஆகாய வழித் தபாலும் விரைவுக் கூரியரும், 2023 மார்ச் 1இல் எல்லா ஆகாயச் சரக்கும், 2024 ஜூன் 3இல் கடல் வழிக் கப்பல் கம்பனிகளும், 2024 டிசம்பர் 4இல் கடல் வழிப் போர்வார்டர்களும் அதற்குள் வந்தார்கள். 27 ஒன்றிய நாடுகளோடு நோர்வே, சுவிட்சர்லாந்து, வட அயர்லாந்து ஆகியனவும் இந்த வட்டத்துக்குள்தான். சுவிஸுக்கு அனுப்புகிறோம், அது ஒன்றியத்தில் இல்லையே என்று யாராவது சொன்னால் அது இந்த விஷயத்தில் செல்லாது.

24 மணி நேரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது

ஆழ்கடல் கொள்கலன் சரக்குக்கு, ஏற்றுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் ஈஎன்எஸ் போயிருக்க வேண்டும். எந்தக் கப்பலில் ஏற்றுவதற்கு என்பதில்தான் குழப்பம். ஐரோப்பிய எல்லைக்குள் நுழையப்போகும் அந்தக் கப்பலில் ஏற்றுவதற்கு. கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கோ ஜெபல் அலிக்கோ சிறு கப்பலில் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றப்பட்டால், சட்டத்தின் கணக்கு அங்கே ஏற்றும் நேரத்தை வைத்துத்தான். ஆனால் கொழும்பே சரக்கைக் கப்பல் மாற்றும் பெரிய துறைமுகம். பிரதான பாதைக் கப்பல்கள் நேராக இங்கே வருகின்றன. எனவே நமது சரக்குக்குப் பெரும்பாலும் கொழும்பில் ஏற்றும் நேரமே கணக்கு. மாற்றிப் போகிற சரக்குக்கும் கப்பல் கம்பனிகள் இங்கேயே விவரத்தைக் கேட்டு வாங்கிவிடும்.

அதற்கு மேல் கம்பனிகள் தங்களுக்கென ஒரு கடைசி நேரம் வைத்திருக்கின்றன. கப்பல் கம்பனி தரும் சரக்குச் சீட்டான பில் ஒஃப் லேடிங்குக்கான அறிவுறுத்தலைக் கொடுக்க வேண்டிய அந்த நேரம் 24 மணி நேரத்துக்கு மிகவும் முன்னதாகவே முடிந்துவிடும். நடைமுறையில் உங்களுக்கு உள்ள கெடு அதுதான். சட்டத்தின் 24 மணி நேரத்தை நம்பிக் காத்திருந்தால் பெட்டி துறைமுகத்தில் தங்கிவிடும்.

இன்னொன்று: இந்தக் கடிகாரம் போயா தினத்துக்கு நிற்பதில்லை. வியாழக்கிழமை போயா, வெள்ளிக்கிழமை இரவு ஏற்றுதல் என்றால், விவரம் புதன்கிழமை மாலைக்குள் போர்வார்டரின் கையில் இருக்க வேண்டும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டத்து அலுவலகம் மூடியிருக்கும்போது கப்பல் வருகிறது என்றால், யாருடைய கைத்தொலைபேசிக்குக் கேள்வி வரும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

“சிலோன் பிஓபிஎஃப், 40 பேக்ஸ்”

பொருள் விவரத்தில்தான் அதிகம் தடுக்கிறது. பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் 1, எஃப்பிஓபி என்பவை ஏலத்தில் எல்லாருக்கும் விளங்கும் தேயிலைத் தரப் பெயர்கள். கொழும்பு ஏலத்தில் அவை இருந்தால் வேறு எதுவும் தேவைப்படாது. ஆனால் ஹம்பர்க்கில் ஆபத்தை அலசுகிற அதிகாரிக்கு “சிலோன் பிஓபிஎஃப், 40 பேக்ஸ்” என்று போனால், அதில் தேயிலை என்ற சொல்லே இல்லை. நாற்பது பையில் எதையோ அனுப்புகிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

எழுத வேண்டியது, பொருளின் சாதாரணப் பெயரும் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும்: “கறுப்புத் தேயிலை, மொத்தமாக, காகிதச் சாக்குகளில்”. தரப் பெயரை அதற்குப் பின்னால் வேண்டுமானால் சேர்க்கலாம். ஐரோப்பியச் சுங்கம் ஏற்காத விவரங்கள் இருக்கின்றன: “பொதுச் சரக்கு”, “கலவைச் சரக்கு”, “உணவுப் பொருட்கள்”, “உதிரிப் பாகங்கள்”, “மாதிரி”, “அன்பளிப்பு”. இவற்றில் எதைப் போட்டாலும் கேள்வி திரும்பி வரும். மாத்தளையிலிருந்து வாசனைத் திரவியம் அனுப்புபவர்கள் “ஸ்பைசஸ்” என்று ஒரே சொல்லில் முடிப்பதைப் பார்க்கலாம். மிளகா, கராம்பா, சாதிக்காயா, அரைத்ததா முழுசா என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி போட வேண்டும். ஒரு வரியில் திணித்தால் குறியீடும் பிழையாகிவிடும்.

குறியீடு என்றால் எச்எஸ்ஸின் முதல் ஆறு இலக்கங்கள். ஐசிஎஸ்2இல் இது கட்டாயம். தேயிலைக்கு நாலு குறியீடுகள். பச்சைத் தேயிலை 3 கிலோவுக்கு மேற்படாத நேரடிப் பொதியில் என்றால் 0902.10, மற்றவை 0902.20. கறுப்புத் தேயிலை அதே மாதிரி 3 கிலோவுக்கு மேற்படாத பொதியில் 0902.30, மற்றவை 0902.40. இங்கே அளக்கப்படுவது தேயிலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொதி. வெளிப்பெட்டி அல்ல. 100 தேயிலைப் பைகள் கொண்ட 200 கிராம் பெட்டிகளை 36 ஆக அடுக்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டால், அட்டைப்பெட்டி 7 கிலோவைத் தாண்டும். அதைப் பார்த்து 0902.40 என்று போட்டுவிடுகிறார்கள். சரியான குறியீடு 0902.30. ஒரே தோட்டத்துத் தூள், ஒரே வாரத்தில் அரைத்தது, 50 கிலோ சாக்கில் போனால் ஒரு குறியீடு, பையில் போனால் இன்னொன்று.

உடனடித் தேயிலைத் தூள், அதாவது வெந்நீரில் கரைந்துவிடுவது, 0902இல் வராது. அது 2101.20. கறுவாப் பட்டை முழுசாக, நமது உண்மையான இலங்கைக் கறுவா என்றால் 0906.11. அரைத்தால் 0906.20. மிளகு முழுசாக 0904.11, அரைத்தது 0904.12. கராம்பு முழுசாக 0907.10. தேயிலை இலையே சேராத மூலிகைக் கஷாயப் பைகளை ‘ஹெர்பல் டீ’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதால் 0902 என்று போடுவது வழக்கமான பிழை. தேயிலைச் செடியின் இலை இல்லாத ஒன்று அந்த அத்தியாயத்துத் தேயிலை வரிசையில் நிற்க முடியாது.

இந்தக் குறியீடு கஸ்டெக்கில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் கஸ்டெக்கைத் தயாரிப்பது கொழும்பில் துறைமுகச் சுங்க வேலையைப் பார்க்கும் வார்ஃப் கிளார்க், பில் ஒஃப் லேடிங் அறிவுறுத்தலைக் கொடுப்பது போர்வார்டர், இன்வொய்ஸை அடித்தது ஹட்டனில் ஒருவர். மூன்று பேரும் ஒரே தாளைப் பார்த்து எழுதினால்தான் மூன்றும் ஒத்துப்போகும். இன்வொய்ஸிலேயே ஒவ்வொரு வரிக்கும் ஆறு இலக்கத்தைப் போட்டுவிட்டால், பின்னால் வருபவர் ஊகிக்க வேண்டியிருக்காது.

மூன்று நிறைகள்

நிறையில் நடக்கும் குழப்பத்தை ஒரு கணக்கில் காட்டலாம். 20 அடிக் கொள்கலனில் 10 பலட், ஒவ்வொன்றிலும் 20 சாக்கு, ஒவ்வொரு சாக்கிலும் 50 கிலோ தேயிலை. தேறிய நிறை 10,000 கிலோ. வெறும் சாக்கு அரைக் கிலோ என்றால் 200 சாக்கும் 100 கிலோ. பலட் ஒன்று 20 கிலோ என்றால் பத்தும் 200 கிலோ. மொத்த நிறை 10,300 கிலோ. கொள்கலனின் சொந்த நிறை, அதன் கதவில் எழுதியிருப்பது, 2,200 கிலோ என்று வைத்தால் 12,500 கிலோ. இந்தக் கடைசி எண்தான் விஜிஎம். கப்பல் பாதுகாப்புக்கான சோலாஸ் விதிப்படி 2016 ஜூலை 1 முதல் இதைக் கொடுக்காமல் பெட்டியைக் கப்பலில் ஏற்ற முடியாது.

ஈஎன்எஸ்ஸுக்குப் போக வேண்டியது நடுவில் இருக்கும் 10,300. தேறிய நிறையைப் போட்டாலும் பிழை, விஜிஎம்மைப் போட்டாலும் பிழை. கணினி ஒரு எண்ணை மட்டும் பார்த்து உடனே பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் பில் ஒஃப் லேடிங்கில் ஒன்று, சரக்கு அனுப்பும் குறிப்பான சிடிஎன்னில் இன்னொன்று என்று வந்தால் எங்காவது ஓரிடத்தில் நிற்கும்.

பொதிகளின் எண்ணிக்கையிலும் இதே கதை. மேலே சொன்ன சரக்கில் பொதிகள் 200. பத்து அல்ல. பொதியை அவிழ்க்காமல் பிரிக்க முடியாத அலகைத்தான் எண்ண வேண்டும். பலட்டில் கட்டியிருக்கும் நெகிழிச் சுருளை அறுத்தால் சாக்குகள் தனித்தனியாக வந்துவிடும்.

தெரு எண் இல்லாத ஊரின் முகவரி

ஐசிஎஸ்2 முகவரியை ஒரே பத்தியாக வாங்குவதில்லை. தெரு, எண், ஊர், தபால் குறியீடு, நாடு என்று தனித்தனிக் கட்டங்கள். ஐரோப்பிய நகரத்தை மனதில் வைத்துச் செய்த கட்டங்கள் இவை என்பது பார்த்தவுடனே தெரியும். மலையகத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், அருகிலுள்ள பட்டினம் என்றுதான் முகவரி. தெருவும் இல்லை, எண்ணும் இல்லை. லயத்தில் வாழும் மக்களுக்குத் தனித்த வீட்டு முகவரி இல்லாதது பழைய குறை. அதே குறை இப்போது ஏற்றுமதிக் கட்டத்திலும் வந்து நிற்கிறது.

வழி இருக்கிறது. தெருக் கட்டத்தில் தோட்டத்தின் அல்லது தொழிற்சாலையின் பெயரோடு பிரதான வீதியின் பெயரைப் போடுங்கள். தபால் பெட்டி எண் இருந்தால் அதையும் கொடுக்கலாம். ஊர்க் கட்டத்தில் தபால் நிலையம் இருக்கும் பட்டினம். தபால் குறியீடு ஐந்து இலக்கம்: கண்டி 20000, மாத்தளை 21000, ஹட்டன் 22000, நுவரெலியா 22200, பதுளை 90000, பண்டாரவளை 90100. வியாபாரப் பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரையும் முகவரியையும் ஒரு எழுத்து மாறாமல் எல்லாத் தடவையும் பயன்படுத்துங்கள். ஒரு மாதம் “எஸ்டேட்”, அடுத்த மாதம் அதன் சுருக்கம், இன்னொரு மாதம் ஆங்கிலப் பெயருக்குப் பதில் சிங்களப் பெயர் என்று போனால், அலசுகிற கணினிக்கு மூன்று வெவ்வேறு அனுப்புநர்கள். புதிய அனுப்புநரிடம் கூடுதல் கேள்வி கேட்கப்படுவது இயல்பு.

வாங்குபவர் பக்கம் வேண்டியது அவரது இஓஆர்ஐ எண். ஐரோப்பாவில் சுங்கத்தோடு தொழில் செய்யும் எவருக்கும் தரப்படும் பதிவு எண் இது. நாட்டின் இரண்டெழுத்தோடு தொடங்கும். பிரித்தானியாவில் ஜிபி என்ற எழுத்துகளுக்குப் பின் 12 இலக்கம். இதைக் கொள்வனவுக் கட்டளை வரும்போதே கேட்டு வாங்கி இன்வொய்ஸின் மாதிரிப் படிவத்தில் பதித்துவிட வேண்டும். கொள்கலன் அவிசாவளையைத் தாண்டிய பிறகு லண்டனுக்கு மின்னஞ்சல் அனுப்பினால், அங்கே அப்போது அதிகாலையாக இருக்கும்.

வங்கிக் கடன் கடிதத்தில் நடக்கும் வியாபாரத்தில் பில் ஒஃப் லேடிங் “டு ஓர்டர்” என்று இருக்கும். பெறுநர் கட்டத்தில் வங்கியின் பெயரோ வெறுமையோ. அப்படிப்பட்ட பெட்டிக்கு, சரக்கு வருவது பற்றி அறிவிக்கப்பட வேண்டியவரின் முழு முகவரியும், உண்மையில் வாங்குபவர் யார் என்பதும் அவசியம். ஐசிஎஸ்2 விற்பவர், வாங்குபவர் என்ற இரண்டு பேரையும் தனியாகக் கேட்கிறது. அனுப்புநரும் பெறுநரும் வேறாக இருக்கலாம். உதாரணத்துக்கு, கொழும்பிலுள்ள ஏற்றுமதி நிறுவனம் விற்று, சரக்கு மட்டும் கண்டியிலுள்ள களஞ்சியத்திலிருந்து நேராகப் போகிறது என்றால், விற்பவர் கொழும்பு நிறுவனம்தான்.

யார் அனுப்புகிறார்

முழுக் கொள்கலனை உங்கள் பெயரிலேயே கப்பல் கம்பனியிடம் பதிந்தால் பில் ஒஃப் லேடிங் ஒன்றுதான். எல்லா விவரத்தையும் கம்பனி கேட்கும், அதுவே தாக்கல் செய்யும். சிறு ஏற்றுமதியாளருக்கு இது வாய்ப்பதில்லை. பத்துப் பேரின் சரக்கைப் போர்வார்டர் ஒரே கொள்கலனில் சேர்ப்பார். கப்பல் கம்பனியிடமிருந்து அவருக்கு ஒரு தாய்ப் பில், அவரிடமிருந்து உங்களுக்கு ஒரு வீட்டுப் பில். இந்த இடத்தில் போர்வார்டர் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: தன் வாடிக்கையாளர்களின் விவரத்தைக் கப்பல் கம்பனியிடம் கொடுப்பதா, தானே நேராக ஐசிஎஸ்2இல் தாக்கல் செய்வதா. யார் யாருக்கு விற்கிறார் என்பது வியாபார இரகசியம் என்பதால் பெரிய போர்வார்டர்கள் தாங்களே தாக்கல் செய்ய விரும்புவார்கள். இரண்டு பேரும் மற்றவர் செய்வார் என்று நினைத்தால் பாதி விவரத்தோடு தாக்கல் நின்றுபோகும்.

ஆகவே போர்வார்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி “ஈஎன்எஸ் போட்டாச்சா?” அல்ல. “வீட்டுப் பில் அளவில் நீங்கள் போடுகிறீர்களா, கம்பனி போடுகிறதா, எம்ஆர்என் வந்ததா?” என்று கேளுங்கள். எம்ஆர்என் என்பது தாக்கல் ஏற்கப்பட்டதும் சுங்கக் கணினி தரும் பதிவு எண். பத்துப் பேர் சேர்ந்த கொள்கலனில் ஒருவரின் விவரம் நின்றால் ஒன்பது பேரின் சரக்கும் நிற்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உங்கள் தாள் சுத்தமாக இருந்தும் பெட்டி போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பக்கத்துச் சாக்குக்காரர்.

எம்ஆர்என் கிடைத்ததோடு முடிந்துவிடுவதில்லை. அலசலுக்குப் பிறகு மேலும் தகவல் கேட்டு ஒரு கேள்வி வரலாம். ஆகாயச் சரக்கில், ஏற்றும் முன் பெட்டியைச் சிறப்பாகச் சோதிக்கச் சொல்லலாம். மிகக் கடுமையான நிலையில் ஏற்றவே வேண்டாம் என்ற உத்தரவு வரும். பெரும்பாலும் வருவது முதல் வகை. அதற்கும் முக்கால்வாசிக் காரணம் மேலே பேசிய மங்கலான விவரம்தான். தகவல் கேட்டு வந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பதில் போகும் வரை அலசல் முடியாது.

மழைக்காலத்தில் கினிகத்தேனை, கித்துல்கலைப் பக்கம் மண் சரிந்து லொறி நின்றுவிட்டால் என்ன? கப்பலைத் தவறவிட்ட சரக்கை அடுத்த கப்பலுக்கு மாற்றுவார்கள். கப்பலின் பெயரும் பயண எண்ணும் மாறும். வேறு கொள்கலனுக்கு மாற்றி அடுக்கினால் கொள்கலன் எண்ணும் முத்திரை எண்ணும் சேர்ந்து மாறும். பழைய விவரம் தானாகத் திருந்தாது. திருத்தம் போட வேண்டும், அதற்குக் கம்பனிகள் தனிக் கட்டணம் எடுக்கும். சுங்கம் சரக்கைச் சோதிக்கப் போவதாக அறிவித்துவிட்டாலோ, பிழையைத் தானே கண்டுபிடித்துவிட்டாலோ திருத்த முடியாது. தாக்கல் செய்த ஈஎன்எஸ்ஸுக்கு ஆயுளும் உண்டு. 200 நாட்களுக்குள் சரக்கு வந்து சேராவிட்டால் அது செல்லாததாக்கப்படும்.

பிரித்தானியா தனி வழி

பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின் ஐசிஎஸ்2இல் இல்லை. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸுக்குப் போகும் சரக்குக்கு ‘எஸ் அன்ட் எஸ் ஜிபி’ என்ற தனிக் கணினி. 2025 ஜனவரி 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் சரக்குக்கும் இந்தப் பிரகடனம் கட்டாயமானது. அதைப் பற்றிய செய்திகளைப் பார்த்து இங்கே சிலர் புதிய விதி என்று பதறினார்கள். இலங்கையிலிருந்து போகும் சரக்குக்கு அது முன்பிருந்தே உண்டு. மாறியது, கேட்கும் விவரம் குறைக்கப்பட்டது: 20 கட்டாயக் கட்டங்கள், 8 நிபந்தனைக்குட்பட்டவை, 9 விருப்பத்துக்குரியவை. கொள்கலனுக்கு அதே 24 மணி நேரம். நீண்ட தூர விமானத்துக்கு வந்து சேருவதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பு.

விவரம் குறைந்தது நல்ல செய்தி. ஆனாலும் அதை நம்பி இன்வொய்ஸைச் சுருக்குவது புத்தியல்ல. கொழும்பிலிருந்து பீலிக்ஸ்ரோவுக்குப் போகும் கப்பல் முதலில் ரொட்டர்டாமில் நின்றால், அங்கே இறங்காமல் கப்பலிலேயே இருக்கும் பெட்டிக்கும் ஐரோப்பிய ஈஎன்எஸ் வேண்டும். ஆக, லண்டனுக்குப் போகும் தேயிலைக்கும் ஐசிஎஸ்2 கேட்கும் முழு விவரமும் தேவைப்படலாம். எந்தக் கப்பல் எந்த வரிசையில் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஐரோப்பிய அளவுக்கு முழுமையாக ஒரே தாளைத் தயாரித்துவிட்டால் இரண்டுக்கும் போதும்.

மாதிரிப் பொதிகளும் தபால் பார்சல்களும்

விமானத்தில் போகும் சரக்குக்கு இரண்டு கட்டம். ஏற்றும் முன் ஒரு சிறு தொகுதி போக வேண்டும்: அனுப்புநர், பெறுநர், பொதிகளின் எண்ணிக்கை, மொத்த நிறை, பொருள் விவரம், விமானச் சரக்குச் சீட்டு எண். மீதி விவரம் நீண்ட தூரப் பறப்பில் இறங்குவதற்கு 4 மணி நேரத்துக்கு முன். கட்டுநாயக்கவிலிருந்து டோஹா வழியாகப் போகும் அலங்கார இலைக்கும் இதுதான் விதி. அழியும் பொருளில் ஒரு கேள்வி வந்து ஒரு பறப்பு தவறினாலே விலை விழுந்துவிடும் என்பதால், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தேயிலைக்காரரைவிடக் கவனமாக இருக்கிறார்கள்.

கூரியரில் தேயிலை மாதிரி அனுப்பும்போது பதிவுப் பக்கத்தில் நீங்கள் தட்டும் சொற்களே அப்படியே சுங்கத்துக்குப் போகின்றன. நடுவில் திருத்த ஒருவரும் இல்லை. “சேம்பிள், விலையில்லை” என்று போடாதீர்கள். “கறுப்புத் தேயிலை, வியாபார மாதிரி, 6 பைகள், ஒவ்வொன்றும் 100 கிராம், 0902.30” என்று போடுங்கள். விலைக் கட்டத்தைக் காலியாக விடாமல் உள்ளபடி மதிப்பை எழுதுங்கள். தபால் நிலையத்தில் நிரப்பும் சிஎன்23 என்ற சுங்கப் படிவத்திலும் அப்படியே. உறவினருக்கு அனுப்பும் பார்சலில் தேயிலை, மிளகாய்த்தூள், ஒரு சாரி மூன்றும் இருந்தால் மூன்று வரி எழுத வேண்டும். “வீட்டுச் சாமான்” என்று ஒரு வரியில் எழுதியது இங்கே வாங்கப்பட்டாலும் அங்கே நிற்கும்.

அமெரிக்காவுக்குக் கடல் வழியாக அனுப்புபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே கப்பல் கம்பனி கொடுக்கும் 24 மணி நேரப் பட்டியலுக்கு மேலாக, ஐஎஸ்எஃப் என்ற இன்னொரு பாதுகாப்பு விவரத் தொகுதியை இறக்குமதியாளரே தாக்கல் செய்ய வேண்டும். 2010 ஜனவரியிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் 5,000 டொலர் வரை தண்டம். அதில் பத்து விவரங்கள் அவர் பொறுப்பு. அவற்றில் பலவற்றை உங்களிடம்தான் கேட்பார்: உற்பத்தியாளர் யார், எந்த நாட்டுப் பொருள், கொள்கலன் எந்த இடத்தில் அடுக்கப்பட்டது, அடுக்கியவர் யார். அடுக்கிய இடம் என்று கேட்டால் தொழிற்சாலையின் முகவரியையோ கம்பனியின் பதிவு முகவரியையோ எழுதி அனுப்பிவிடாதீர்கள். தலவாக்கலையில் தயாரித்து வத்தளைக் களஞ்சியத்தில் கொள்கலனில் அடுக்கியிருந்தால், கொடுக்க வேண்டியது அந்த வத்தளைக் களஞ்சியத்தின் முகவரி.